பத்தொன்பதாவது குதிரை

அதிகம் பேசாதவனை ஊர் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளும். நான் அந்த நினைப்பில் பல வருடம் மரியாதையாகக் காலம் தள்ளியவன். பேசாமல் இருந்ததற்குக் காரணம் புத்தி இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. (இதை இப்போதுதான் முதல் தடவையாக வெளியே சொல்கிறேன்.)

அந்த மரியாதை ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் சந்தையில், பட்டப்பகலில் போயிற்று. ஒரு குதிரை கொண்டுபோயிற்று.

நயா பைசா வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே அய்யம்பாளையம். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. பிழைக்க மலையேறி வந்து ஒரு லாட்ஜில் வெந்நீர் அடுப்பு பார்த்தேன். இருபது அறை. இரண்டு செப்பு அண்டா. எரிக்கத் தைலமரக் கட்டை. மலையில் கட்டை எப்போதும் நனைந்தே கிடக்கும். அதை எரிய வைப்பதுதான் என் சோலி. வாளி வரும். நிரப்புவேன். வாளி போகும். வந்து தங்கியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. புகைக்குள் இருப்பவனை யார் எட்டிப் பார்ப்பார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. இன்ன அறைக்கு இத்தனை வாளி, அவ்வளவு தெரியும்.

ஒருநாள் மானேஜர் ஏதோ வேலையாக என்னை ஏரிப்பக்கம் அனுப்பினார். அங்கே குதிரைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் மப்ளர். கையில் பீடி. வெயில் காய்ந்துகொண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு. ஒருத்தரும் இருமவில்லை. நான் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அந்த அரை மணியில் நான் மட்டும் இருபது தடவை இருமியிருப்பேன்.

குதிரைகளை எண்ணினேன். பதினெட்டு.

பதினெட்டுப் பேர் ஒரு தொழிலில் நிற்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று என் புத்தி சொன்னது. கூட்டம் இருக்கிற கடையில்தானே நாம் சாப்பிடப் போகிறோம். அது சாப்பிட வந்தவன் கூட்டம், இது கடை போட்டவன் கூட்டம் என்பது உறைக்கவில்லை. புகையில் நிறைய நாள் இருந்தால் மூளை கொஞ்சம் மங்கும் போலிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி காளியம்மாளும் அதிகம் பேசமாட்டாள். (எங்களுக்குப் பெண் பார்த்த அன்று இரண்டு பக்கமும் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் தட்டை மாற்றிவிட்டார்கள்.) எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. நாங்கள் குடியிருந்த மூஞ்சிக்கல்லில் ஏழெட்டு வீட்டுக்கு அவள் பால் ஊற்றினாள். நான் சொன்னபோது பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏரிக்கரையில குதிரை விடலாம்னு இருக்கேன்."

"அங்க எத்தனை குதிரை இருக்கு?"

"பதினெட்டு நிக்குது."

"நிக்குதா, நடக்குதா?"

"நிக்குது."

"ஆள் ஏறியிருந்தா நடந்துக்கிட்டுல்ல இருக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டுப் பேரும் முட்டாள்களா என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். பதினெட்டுப் பேரையும் நான் பாத்ததில்ல. ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன்."

அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் வீட்டில் அதுவே பெரிய சண்டை.

மறுவாரச் சந்தையில் பூம்பாறைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். பூம்பாறையில் பூண்டு விளையும். அப்போதெல்லாம் குதிரை முதுகில் மூட்டை ஏற்றி மலைப்பாதையில் கொண்டுவந்து சந்தை மண்டியில் இறக்குவார்கள். அவரிடம் எட்டுக் குதிரை இருந்தது. ஒன்றைக் கொடுக்கத் தயார் என்றார். குட்டையான பழுப்புக் குதிரை. சாதுவான முகம். நான் மாட்டுக்காரன், பல்லைப் பார்த்தேன். குதிரைப் பல்லில் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பார்த்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அதை இன்றும் சொல்வேன்.

"நல்ல குதிரை. பாதைய விட்டு ஒரு அடி வெலகாது. நீங்க பிடிக்கக்கூட வேண்டாம், தானாப் போய்ச் சேந்துரும். சுமைய எறக்குற வரைக்கும் நின்ன எடத்துலயே நிக்கும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் கேட்கவில்லை.

விலைக்கு என்னிடம் இருந்தது பசு ஒன்றுதான். பெருமாள்மலையில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பூம்பாறைக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார், பிடித்தால் திங்கட்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கே மானேஜரிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். பசு ஒருபக்கம், வேலை ஒருபக்கம். இரண்டையும் ஒரே நாளில் விடுவதற்கு நாள் பார்த்தவன் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் குதிரை வந்தது. பசு கட்டியிருந்த கொட்டகையிலேயே கட்டினேன். காளியம்மாள் வந்து குதிரையைப் பார்த்தாள். பசுவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அவள் பார்த்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பசு பார்த்த பார்வைதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

லாட்ஜுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். எனக்குப் பொய் வராது. நிறையப் பேச வேண்டும். காய்ச்சல் ஒரே வார்த்தை. எனக்குப் பதிலாகத் தோட்டக்காரனை அடுப்புக்கு விட்டதாகத் தகவல் வந்தது. அவன் ரோஜாச்செடிக்கு நல்லவன்.

ஞாயிறு வெள்ளனே எழுந்தேன். சேணம் வாங்கவில்லை. இரண்டு பூண்டுச் சாக்கில் வைக்கோல் திணித்துத் தைத்து முதுகில் கட்டினேன். கால் வைக்க இரண்டு பக்கமும் கயிற்றில் வளையம். எனக்குச் சிவப்பு மப்ளர் ஒன்று. அது மட்டும் புதுசு.

ஏரிக்கரையில் குதிரைக்காரர்களுக்கு முறை உண்டு. முதலில் வந்தவன் முன்னால், புதிதாக வந்தவன் கடைசியில். மைதீன் என்பவர் அவர்களுக்கெல்லாம் மூத்தவர். என்னைப் பார்த்தார், குதிரையின் முதுகைப் பார்த்தார். மூட்டைக் கயிறு உரசி இரண்டு பக்கமும் முடி உதிர்ந்திருந்தது.

"அண்ணே, இது மூட்டை தூக்குன குதிரையாட்டம் இருக்கே."

"குதிரை குதிரைதான?"

"அதுஞ்சரிதான்" என்றார். "கடைசியில நில்லுங்க."

பேர் கேட்டார். அவர்கள் குதிரைகளுக்கெல்லாம் பேர் இருந்தது. ராணி, சுல்தான், ஜெட். நான் அந்த நிமிடத்தில் ராஜா என்று வைத்தேன். குதிரைக்கு அதைத் தெரியப்படுத்த நேரமில்லை. அதுவரை அதை எல்லாரும் ஏலே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்று மணி நேரம் நின்றோம். சீசன் காலம். இருந்தும் அந்த மூன்று மணி நேரத்தில் ஆறு பேரோ ஏழு பேரோதான் ஏறினார்கள். வெயில் காய்கிறார்கள் என்று நான் நினைத்தது ஓய்வு இல்லை. ஆள் வராததால் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியைப் பார்க்கவில்லை, ஏரிக்கு வருகிற ரோட்டைப் பார்த்தார்கள். மைதீன் ஒரே பீடியை மூன்று தடவை அணைத்து அணைத்துப் பற்றவைத்தார். நாளைக்கு இந்நேரம் பசு இருக்காது.

அப்போதுதான் வக்கீல் வந்தார்.

அவர் மதுரை வக்கீல் என்பது பிறகு தெரிந்தது. நல்ல கனமான ஆள். கம்பளிக் கோட்டு, காதை மூடிய குல்லா. கூட அவர் சம்சாரம். அந்தம்மா பிளாஸ்க்கோடு ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வக்கீல் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் உயரமான குதிரைகள். ஒவ்வொன்றின் முன்பும் ஒரு நிமிடம் நின்று, கோர்ட்டில் சாட்சியைப் பார்ப்பது போலப் பார்த்து, நகர்ந்தார். என் குதிரை முன்னால் வந்ததும் நின்றார். முகம் தெளிந்தது. விழுந்தாலும் தூரம் குறைவு என்று கணக்குப் பண்ணியிருப்பார்.

முறை என் முறை இல்லை. மைதீன் பெரிய மனசு. போகட்டும் என்று கையைக் காட்டினார். அவரும் இன்னொருவரும் நானும் சேர்ந்து ஏற்றினோம். குதிரை அசையவில்லை. அது இரண்டு மூட்டை சுமந்த குதிரை. இவர் ஒன்றரை மூட்டைதான்.

"என்னப்பா, பூண்டு வாசமா வருது?"

"மலைக்காத்துங்க" என்றேன்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. ராஜா என்றேன். காதுகூட ஆடவில்லை. எனக்குத் தெரிந்த மாட்டு பாஷையெல்லாம் பேசினேன். ஹை ஹை என்றேன். நாக்கைத் தட்டினேன். வாலை முறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பின்னாலிருந்து பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

வக்கீல் பொறுமையாக மேலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே இன்றைக்கு நாள் சரியில்லையாம். லாட்ஜில் தங்கியிருக்கிறாராம். பேரைச் சொன்னார். என் லாட்ஜ். நான் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு நாளா வெந்நீர் அருமையா வந்துச்சுப்பா. இன்னைக்கு அடுப்புக்காரன் வரலையாம். எவனோ ஒருத்தன் ஊதுறான், ஊதுறான், புகைதான் வருது. பச்சத்தண்ணியில குளிச்சேன். பல்லு இன்னும் நிக்கல, பாரு."

பார்த்தேன். நிற்கவில்லைதான்.

எந்த அறை என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். நாலு நாளாக இரண்டு வாளி கூடக் கேட்கிற ஏழாம் நம்பர் இவர்தான் என்று உடம்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அப்போது மணிச்சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். பூம்பாறையிலிருந்து வரும் பாதை ஏரிக்கரையைத் தொட்டுத்தான் கடைவீதிக்கு ஏறும். பொதிக்குதிரைகள் வரிசையாக வரும். முதல் குதிரை கழுத்தில் மணி இருக்கும். மற்றதெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒன்றன் வாலை ஒன்று பார்த்துக்கொண்டு நடக்கும். தனியாக நடக்கச் சொன்னால் ஒன்றும் நடக்காது. இது மலையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கீழ்நாட்டுக்காரன்.

ராஜாவின் இரண்டு காதும் எழுந்து நின்றன.

ஆறு குதிரைகள் போயின. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. ராஜா நேராகப் போய் அதில் புகுந்துகொண்டது. வருடக்கணக்காக அதன் இடம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த குதிரையும் வழிவிட்டது.

"பரவாயில்லையே, நல்லா நடக்குதே" என்றார் வக்கீல்.

நான் கயிற்றோடு ஓடினேன். குதிரைகள் நெருங்கி நடக்க, எனக்கு இடமில்லாமல் போயிற்று. ராஜாவுக்குப் பின்னால் வந்த குதிரை என் சிவப்பு மப்ளரைக் கடித்தது. அதை விடுவிக்கப் போய்க் கயிற்றை விட்டேன். பொதிக்குதிரைகளை ஓட்டிவருகிறவர் எங்கே என்று பார்த்தேன். வெகுதூரம் பின்னால், குடையை ஊன்றிக்கொண்டு, யாருடனோ பேசியபடி வந்துகொண்டிருந்தார். அவர் எதற்கு வெரசா வர வேண்டும். குதிரைகளுக்குத்தான் வழி தெரியுமே.

ஏரி இடதுபக்கம் வளைந்து போயிற்று. குதிரைகள் நேராக மேட்டில் ஏறின.

"ஏப்பா, ஏரி அந்தப் பக்கமில்ல கெடக்கு?"

"இது சுத்து வழிங்க" என்று பின்னாலிருந்து கத்தினேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய். எனக்கு வருடத்துக்கு ஒன்றுதான் வழக்கம்.

வக்கீல் திரும்பி, பெஞ்சில் இருந்த சம்சாரத்தைப் பார்த்துக் கையை வேகமாக ஆட்டினார். அந்தம்மாவும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

சந்தைக்குள் போனோம். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. பொதிக்குதிரைகளுக்கு வழிவிட்டுத்தான் அங்கே பழக்கம். மூன்று பொதி போயிற்று, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலாவதாகக் குல்லாவும் கோட்டும் போனதும் நிமிர்ந்தார்கள். முள்ளங்கி விற்ற ஒரு பெண்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டாள். வக்கீல் நேராக முன்னால் பார்த்தபடி, ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி போனார். அவருக்கும் அதைத் தவிர வேறு வழி இல்லை.

பூண்டு மண்டி கனி ராவுத்தருடையது. அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குதிரைகள் மேடை ஓரமாக வரிசைக்கு வந்து நின்றன. சுமை இறக்குகிறவர்கள் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் குதிரையையும் பார்ப்பதில்லை, எதையும் பார்ப்பதில்லை. கை போகும், கயிறு அவிழும், மூட்டை வரும். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் ஒருவர் கையைப் போட்டார். கால் அகப்பட்டது.

ராவுத்தர் மெதுவாக நிமிர்ந்தார்.

"இது எந்தக் காட்டுச் சரக்கு?" என்று கேட்டார்.

நான் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தேன். வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஏரிக்குத் திருப்பு என்றார். குரலில் மரியாதை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இழுத்தேன். தள்ளினேன். பின்னால் போய்த் தோள் கொடுத்தேன். மலை நகர்ந்தாலும் அது நகராது போல் இருந்தது. மற்றக் குதிரைகளெல்லாம் சுமை இறங்கி, ஆளுக்கொரு வெல்லக்கட்டி வாங்கித் தின்றுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டன. இது மட்டும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது.

ராவுத்தர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஏம்ப்பா அதப் போட்டு வதைக்கிற. இது பூம்பாறைக் குதிரை. சரக்க எறக்காம நகராது. நாளைக்கு வரைக்கும் நிக்கும்."

"நான் சரக்கில்லைய்யா" என்றார் வக்கீல்.

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே."

வக்கீல் காலை உதறிப் பார்த்தார். இறங்கலாம் என்றால் நான் போட்ட கயிற்று வளையத்தில் இரண்டு காலும் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நாலு பேர் வந்தார்கள். கயிற்றை அறுத்தார்கள். இரண்டு பேர் தோள்பக்கம், இரண்டு பேர் கால்பக்கம். மூட்டை இறக்குகிற மாதிரியே ஒரே மூச்சில் இறக்கினார்கள்.

இறக்கினதோடு விட்டிருக்கலாம். அந்த மண்டியில் இறக்குகிற சரக்கு எதுவானாலும் முதலில் தராசில்தான் வைப்பார்கள். கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. தட்டு கட்டில் அகலம் இருக்கும். பழகின கை. கொண்டுபோய் அதில் உட்கார வைத்துவிட்டார்கள். தட்டு தரையைத் தொட்டது. மறுபக்கம் நின்றவர், அவரும் எதையும் பார்க்காதவர்தான், எடைக்கல்லைத் தூக்கினார்.

"வேண்டாம்ப்பா" என்றார் ராவுத்தர்.

சுமை இறங்கியதும் ராஜா கண்ணைத் திறந்தது. தன் வெல்லக்கட்டியை வாங்கித் தின்றது. தானாகத் தொட்டிக்குப் போயிற்று. அந்த இடத்தில் தன் சோலியைச் சரியாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் ஊரை விட்டு ஓடியிருப்பேன், அவ்வளவுதான். கையில் காய்கறிப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு மானேஜர் வந்தார். ஞாயிறு சந்தையில் லாட்ஜுக்குக் காய்கறி வாங்குவது அவர்தான். அதை நான் மறந்தே போனேன்.

முதலில் அவர் தராசில் இருந்தவரைப் பார்த்தார். பதறிக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்க எங்க இங்க?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பிறகு என்னைப் பார்த்தார். பாதி தின்ற மப்ளரைப் பார்த்தார்.

"முத்தையா. உனக்குக் காய்ச்சல்ல?"

"விட்டுருச்சுங்க" என்றேன்.

அவ்வளவு பேர் முன்னால் அவர் என்னைப் பேசின பேச்சு எனக்கு ஒழுங்காக நினைவில்லை. நாளை முதல் லாட்ஜ் வாசலை மிதிக்காதே என்பது மட்டும் நினைவிருக்கிறது. நானே நாளைக்குச் சொல்ல இருந்ததுதானே என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தால் இனிக்க வேண்டுமே. இனிக்கவில்லை. ஏரிக்கரையில் என்னைச் சேர்த்துப் பத்தொன்பது பேர். ஏறுகிறவர் ஆறேழு பேர். அடுப்படி போயிற்று. விடிந்தால் பசுவும் போகும். நின்ற இடத்திலேயே நின்றேன், ராஜா மாதிரி.

வக்கீல் தராசுத் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"யார் இவன்?"

"நம்ம லாட்ஜு அடுப்புக்காரங்க. வெந்நீர் போடுறவன். காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு..."

"இருங்க. நேத்து வரைக்கும் வந்த வெந்நீர் இவன் போட்டதா?"

"ஆமாங்க."

வக்கீல் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் பல் அப்போதும் லேசாக அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இவனை எதுக்குய்யா வெளிய விட்டீங்க?" என்றார் மானேஜரிடம். "நான் இன்னும் பத்து நாள் இருக்கணும். எனக்குக் குதிரை வேண்டாம். ஏரி வேண்டாம். வெந்நீர் வேணும்."

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். ராவுத்தர் சிரித்தார். கடைசியில் வக்கீலே சிரித்துவிட்டார். சிரித்ததில் தட்டு ஆடியது. மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. பைக்குள் இருந்த முட்டைக்கோசைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெள்ளனே வந்துரு" என்றார்.

எனக்கு அப்போது வந்த மூச்சுதான் நான் வாழ்க்கையில் விட்ட பெரிய மூச்சு.

வக்கீலை மானேஜர் ஏரிக்கரைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். சம்சாரம் பெஞ்சிலேயே இருந்தாராம். சவாரி நன்றாக இருந்ததா என்று கேட்டாராம். சந்தை வரைக்கும் போயிருந்தேன் என்றாராம் வக்கீல்.

மத்தியானம் பொதிக்குதிரைகள் பூம்பாறைக்குத் திரும்பின. மணி அடித்தது. ராஜா தொட்டியிலிருந்து நடந்து வந்து தன் இடத்தில் நின்றுகொண்டது. அதன் கழுத்தைத் தட்டிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் போய்விட்டது. சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் குடைக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்கவில்லை. சந்தையில் இருந்த எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. காளியம்மாள் சோற்றைப் போட்டு வைத்தாள். மப்ளரைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் பாதி சாப்பாட்டில் நிறுத்தினேன்.

"நாளைக்குப் பெருமாள்மலைக்காரர் வருவாரு. பசு தர்றதில்லன்னு எப்படிச் சொல்றது."

"வரமாட்டாரு."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமையே பஸ்ஸுக்காரர்கிட்டச் சொல்லி விட்டுட்டேன். மாடு சினையா இருக்கு, குடுக்குறதில்லன்னு."

"சினையாவா இருக்கு?"

"இருக்கு."

"எங்கிட்டச் சொல்லலியே?"

"நீங்க குதிரை நெனப்புல இருந்தீங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வெளியே போய்ப் பசுவின் பக்கத்தில் நின்றேன். அது அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. இந்தத் தடவை நான்தான் முதலில் பார்வையைத் திருப்பினேன்.

மறுநாள் அடுப்பில் தோட்டக்காரன் திணித்துவைத்த பச்சைக்கட்டையை இழுத்துப் போட்டுவிட்டு மூட்டினேன். ஏழாம் நம்பருக்கு நாலு வாளி கூட அனுப்பினேன். நன்றாக இருமினேன். இருமல் அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த அடுப்பில் பிறகு இருபத்தெட்டு வருடம் இருந்தேன். வக்கீல் ஒவ்வொரு சித்திரைக்கும் வருவார். வந்தவுடன் அறை இருக்கிறதா என்று கேட்கமாட்டார். அடுப்புக்காரன் இருக்கிறானா என்று கேட்பார்.

சந்தையில் சுமை இறக்குகிறவர்கள் ரொம்ப வருடம் என்னை விடவில்லை. பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, இன்னைக்குச் சரக்கு வரலையா?" என்பார்கள். புத்திசாலி என்ற பேர் திரும்பி வரவேயில்லை. அது போனதில் ஒரு நிம்மதியும் உண்டு. யாரும் என்னிடம் யோசனை கேட்டு வருவதில்லை.

வீட்டில் மட்டும் ஒன்று நிலைத்துவிட்டது. யார் என்ன தொழில் என்று வாயைத் திறந்தாலும், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கேள்விதான் கேட்பார்கள். என் மருமகன் பெருமாள்மலையில் டீக்கடை போடப் போகிறேன் என்று வந்து நின்றார். ஏற்கனவே அங்கே எத்தனை கடை என்று கேட்டோம். பதினொன்று என்றார். என் மகள் கேட்டாள், "நிக்குதா, நடக்குதா?" அவருக்குப் புரியவில்லை. கதையைச் சொன்னார்கள். (என்னை வைத்துக்கொண்டேதான்.) மனிதர் போய் ஒரு நாள் முழுக்கப் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். "மூணு நடக்குது மாமா. எட்டு நிக்குது" என்றார். பிறகு பஸ் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை போட்டார். அங்கே அப்போது அது ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

எனக்கு இப்போது முழங்கால் சரியில்லை. காலையில் எழுந்தால் கொஞ்ச நேரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அடுப்படியிலிருந்து காளியம்மாள் திரும்பிப் பார்க்காமலே கேட்பாள்.

"நிக்குதா, நடக்குதா?"

நடந்து காட்டுவேன்.